ஒரு இஞ்ச் போதும்

டெய்லரக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று அந்தத் தெருவே சத்தியம் செய்யும். அப்பேர்ப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போனைக் காதில் வைத்துக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

"ரூமா? இருக்கே சார். தனி ரூம். கதவோட இருக்கு."

மறுமுனையில் பேசியவர் ஒரு மெஷின்காரர். மூடப்போகிற துணி ஃபேக்டரிகளிலிருந்து பழைய பவர் மெஷின்களை வாங்கி விற்பவர். அவரிடம் கடைசியாக ஒன்று மிஞ்சியிருந்தது. ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாகக் கொடுத்தாலும் முனகாமல் தைக்கிற ஜாதி. அதைக் கேட்டு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

"அம்மா, இது வீட்டு மெஷின் மாதிரி இல்ல. இரும்பு மேசையோட வரும். எறக்கினா எறக்கின இடந்தான், அப்புறம் அசைக்க முடியாது. அதனாலதான் கேக்கறேன். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு வண்டி வரும். வந்து பாக்கும்போது ரூம் இல்லேன்னா, வண்டி நேரா அடுத்த ஆள் வீட்டுக்குப் போயிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"நான் ஏன் சார் திட்டப்போறேன்? ரூம்தான் இருக்கே!"

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ரூமும் இல்லை, கதவும் இல்லை. ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு ஹால் இருந்தது. அதன் கடைசியில் செருப்பு அலமாரியும், மழைநாளில் துணி உலர்த்தும் கொடியும் இருந்தன. நடுவில் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே அவளுடைய பழைய தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது. அதுவும் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும்தான்.

அந்த ஏழு மணியைப் பற்றிச் சொல்லாமல் டெய்லரக்காவைப் பற்றி எதைச் சொன்னாலும் அரைகுறைதான். அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். விடிவதற்கு முன்பே முதல் வண்டியை எடுப்பவர், மூன்று மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டு, வீட்டில் இருக்கிற ஒரே படுக்கையறையில் கட்டையைச் சாய்ப்பார். ஏழு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வந்து, மெஷினின் ஒரு பக்கம் கை வைப்பார். மறுபக்கம் அவள். "ம், தூக்கு" என்பார். இரண்டு பேருமாகச் செருப்பு அலமாரிப் பக்கம் தூக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் மடக்கு மேசையைப் பிரிப்பார்கள். அதில்தான் சாப்பாடு. விடிகாலையில் அவர் கிளம்புமுன் மறுபடி மெஷின் நடுவுக்கு வரும். பாதி தைத்த சட்டைக் கையை ஊசியிலிருந்து உருவி, குண்டூசிகளைப் பொறுக்கி, நூலை அறுத்து, விடிந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதே கூத்து. "வேலையப் பாதில விட்டா பாதியாவே கெடக்கற மாதிரி ஒரு இடம் வேணும். வேறென்ன கேட்டேன்?" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

ஆகவே அக்கா போர்டுக்காரரைப் பிடித்தாள். தகர ஃப்ரேம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து, ஹாலின் கடைசிப் பகுதியைத் தடுத்து ரூமாக்கிவிடலாம் என்றார் அவர். புதன்கிழமை வேலை தொடங்கியது. வெள்ளிக்கிழமை ஃப்ரேம் நின்றுவிட்டது. சமையலறைத் தொட்டிக்குப் போகிற பிளாஸ்டிக் குழாயை அதற்குள்ளேயே முழங்கால் உயரத்தில் செலுத்தினார்கள். புது மெஷினுக்கான ஒயர் இடுப்பு உயரத்தில் போனது. கதவு வைக்கிற இடத்தை அக்கா நாலு விரற்கடை கூட அகலமாக விடச் சொன்னாள்.

"எதுக்கு? நீ ரெண்டு மடங்கா பெருத்து உள்ள போகப் போறியா?" என்றார் டிரைவர்.

"எதுக்கும் கொஞ்சம் கூட இருக்கட்டுமே."

இது அவளுடைய தாரக மந்திரம். இருபது வயதில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாப்பிள்ளையின் கோட்டை அளவு பிசகாமல், மிச்சம் விடாமல் வெட்டினாள். அளவெடுத்ததற்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட மாதத்தில் மாப்பிள்ளை ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான். பிரித்துவிட உள்ளே துணி இல்லை. அவன் கல்யாணம் முழுக்க மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே நின்றதாகக் கேள்வி. அன்றிலிருந்து அக்கா வெட்டுகிற எதிலும் உள்பக்கம் இரண்டு விரற்கடை தாராளமாக இருக்கும். "துணி கூடினா மடிக்கலாம், கொறஞ்சா அழலாம்" என்பாள். தெருவில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை மூன்று வருஷம் தாங்கியது அந்தப் புண்ணியத்தில்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. ஏதோ பெரிய ஆபீஸ் வேலையாம், வெளியூராம். "புதன்கிழமை வந்து ஒரே மூச்சுல முடிச்சுத் தர்றேன்க்கா. போர்டு, டிரில்லு எல்லாம் அங்கயே இருக்கட்டும். ஸ்க்ரூ மட்டும் வரும்போது வாங்கியாறேன்."

"புதன்கிழமை வந்து எனக்கு என்ன பாட்டா பாடப்போறீங்க?" என்று அக்கா கத்தினாள். அதற்குள் போன் வைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

எலும்புக்கூடாக நின்ற ஃப்ரேமையும், சுவரோரம் சாய்ந்திருந்த போர்டுகளையும், தரையில் கிடந்த டிரில்லையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். நியாயமாக அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு. கை பரபரத்தது. வெட்டி வைத்த துணியைப் பார்த்தால் வருகிற அதே பரபரப்பு.

"ஏங்க, இது வெட்டின துணிதானே? தைக்கறது மட்டுந்தானே பாக்கி?"

"எது?"

"இந்தச் சுவரு. நானே அடிக்கப் போறேன்."

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டிரில்லைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. போர்டப் பிடிக்க ஆள் வேணும்ல?" என்றார். அவர் அப்படித்தான். பத்து வார்த்தை கிண்டல் செய்தாலும் பதினோராவதாகத் தோளைக் கொடுத்துவிடுவார்.

சனிக்கிழமை காலை ஹார்டுவேர் கடையின் ஷட்டர் பாதி உயரும்போதே அக்கா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கைப்பையில் இரண்டு சாம்பிள் வைத்திருந்தாள். ஒன்று போர்டின் உடைந்த மூலை. மற்றது ஃப்ரேமில் வெட்டி மிஞ்சிய தகரத் துண்டு. நூல் வாங்கப் போகும்போது துணியின் ஓரத்தைக் கத்தரித்து எடுத்துப் போகிற பழக்கம்.

கடைக்காரர் அதிகம் பேசாத மனிதர். சாம்பிளைப் பார்த்ததும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. "ஸ்க்ரூ வேணும்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டுல என்ன ஃப்ரேம்னே தெரியாது. நீங்க ஃப்ரேமையே கொண்டாந்துட்டீங்க!"

இரண்டு டப்பாக்களைத் திறந்து மேசையில் ஒவ்வொரு கைப்பிடி கொட்டினார். இரண்டும் கருப்பு. இரண்டின் தலையும் புனல்போல் கீழே சரிந்திருந்தது. அக்காவுக்கு முதலில் வித்தியாசம் தெரியவில்லை. கையில் எடுத்து நகத்தால் நெருடினாள். ஒன்றில் மரை அகல அகலமாகச் சுற்றியிருந்தது. மற்றதில் நெருக்கமாக, மெல்லிசாக.

"அகல மரை மரச் சட்டத்துக்கு" என்றார் கடைக்காரர். "இத இந்தத் தகரத்துல போட்டா பிடிக்காது. சுத்திச் சுத்தி ஓட்டையத்தான் பெருசாக்கும். தகரத்துக்கு நெருக்க மரை. ரெண்டு மூணு சுத்து தகரத்த தாண்டிட்டாப் போதும், கவ்விக்கும்."

சொன்னதோடு நிற்காமல் திருப்புளியால் இரண்டையும் அவளுடைய தகரத் துண்டில் ஏற்றிக் காட்டினார். முதலாவது லொடலொடவென்று ஆடியது. இரண்டாவதைப் பிடித்து அக்கா இழுத்தாள். அது வரமாட்டேன் என்றது.

"அட, ஊசி மாதிரியேதான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்த்தான். "மெல்லிசுத் துணிக்குப் பதினோராம் நம்பர், ஜீன்ஸுக்குப் பதினாறு. மாத்திப் போட்டா ஒண்ணு துணி கிழியும், இல்ல ஊசி ஒடியும். அப்ப இந்தத் தல ஏண்ணே இப்படிப் புனலா இருக்கு?"

"போர்டு மேல காகிதம் ஒட்டியிருக்கில்ல? தட்டைத் தலை அதக் கிழிச்சிடும். இது கிழிக்காம அமுங்கி உக்காரும். காகிதம் கிழிஞ்சா பிடிப்பு போச்சு. அதான் விஷயமே."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக ஆணி என்றால் ஆணி, ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூ என்று இருந்துவிட்டோமே, இதற்குள்ளும் ஒரு தையற்கடை இருக்கிறதே என்று ஒவ்வொரு டப்பாவாகக் கேட்டுக் கேட்டுத் திறக்க வைத்தாள். பளபளப்பானது எதற்கு, தடித்தது எதற்கு, முனையில் துளைப்பான் வைத்தது எதற்கு? பின்னால் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் அலுத்துப்போய்க் கிளம்பியே விட்டார்கள்.

"நெருக்க மரை, ஒரு இஞ்ச். ஒரு டப்பா போதும்" என்று கடைக்காரர் எடுத்து வைத்தார்.

"ஒரு இஞ்சா?"

"போர்டு அரை இஞ்ச். தகரம் தாள் கனம். ஒரு இஞ்ச் போதும்."

அக்கா அந்தக் குட்டி ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதில் பாதி போர்டுக்கே போய்விடும். மீதி அரை இஞ்சை நம்பி ஒரு சுவரா? கல்யாணம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை அவள் கண்முன் வந்து போனான்.

"ரெண்டு இஞ்ச் குடுங்கண்ணே."

"அவ்வளவு நீளம் எதுக்கும்மா? ஒரு இஞ்ச் போதும்."

"எதுக்கும் கொஞ்சம் கூட இருக்கட்டுமே. உள்ளதானே போகப்போகுது, யாரு பாக்கப்போறா?"

கடைக்காரர் இரண்டு இஞ்ச் டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஒரு இஞ்ச் டப்பாவை மறுபடி அலமாரியில் ஏற்றாமல் மேசை ஓரத்தில் அப்படியே வைத்ததை அக்கா கவனிக்கவில்லை.

மதியம் நாத்தனார் வந்து சேர்ந்தாள். டிரைவரின் தங்கை, அடுத்த தெருவில் குடியிருப்பவள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடிக்கிறவளுக்குப் பழக்கதோஷம் போகுமா? உள்ளே நுழைந்ததும் போனை எடுத்து வெறும் ஃப்ரேமை நாலு பக்கமும் படம் எடுத்தாள்.

"இத எதுக்குடி எடுக்கற? சுவரு முடிஞ்சதும் அழகா எடு" என்றாள் அக்கா.

"தோலு மூடறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் அண்ணி உள்ள என்ன இருக்குன்னு தெரியும். அப்புறம் நீங்க இன்னொரு தரம் கூப்பிட்டா நான் எக்ஸ்ரே மெஷினத் தூக்கிட்டா வர முடியும்?"

முதல் போர்டை இருவருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். அக்கா ஸ்கேலும் தையல் சாக்பீஸும் எடுத்து, ஃப்ரேம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கெல்லாம் போர்டின் மேல் கோடு போட்டாள். சாணுக்கு ஒரு புள்ளி. பிறகு டிரில்லைப் பிடித்தாள். கிர்ர்ர் என்று அது அலறியதில் நாத்தனார் போர்டை விட்டுவிட்டு ஓடப் பார்த்தாள். முதல் ஏழு ஸ்க்ரூ காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தன. எட்டாவதில் சூட்சுமம் பிடிபட்டது. தலை காகிதத்தைத் தொட்டதும் கையைத் தளர்த்திவிட வேண்டும். குழி விழ வேண்டும், கிழியக் கூடாது. மெல்லிசுத் துணியில் பாதத்தை எவ்வளவு அழுத்துவது என்று கால் அறிந்த கணக்குதானே இது! அதற்குப் பிறகு அக்காவை யாராலும் நிறுத்த முடியவில்லை. கிர்ர்ர் டக், கிர்ர்ர் டக் என்று தாளம் போட்டுக்கொண்டே போனாள். படுக்கையறையிலிருந்து டிரைவர் தலையணையும் கையுமாக வெளியே வந்து, "தூக்கம் போச்சு, சுவராவது நிக்குமா?" என்றார். ஆறு மணிக்கு ஹால் பக்கம் முழுதும் மூடியாகிவிட்டது. மொத்தம் எண்பத்து நான்கு ஸ்க்ரூ. அக்கா சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். அது அசையவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் சுவரைப் பார்க்க ஓடினாள். முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.

"ஏங்க! புதுச் சுவத்துல டீயக் கொட்டியிருக்கீங்களே, கண்ணு எங்க இருந்துச்சு?"

"நான் இன்னும் டீயே குடிக்கலையே!" என்று டிரைவர் சமையலறையிலிருந்து கத்தினார்.

அக்கா கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. போர்டு ஊறி, பிஸ்கட் மாதிரி நமுத்திருந்தது. கறைக்கு நட்டநடுவே அவள் அடித்த ஸ்க்ரூவின் தலை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன் போட்ட பத்தாவது நிமிஷம் நாத்தனார் தலையைக்கூடச் சீவாமல் வந்து நின்றாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வெறும் ஃப்ரேமில், முழங்கால் உயரத்தில், தகரத் தூண்களின் வயிற்றுக்குள் புகுந்து புகுந்து போகிற வெள்ளைக் குழாய் பளிச்சென்று தெரிந்தது.

"இதோ பாருங்க அண்ணி. தூணோட நடுவுல குழாய் போகுது. தகரத்துக்கும் குழாய்க்கும் நடுவுல அரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல இடம். ஒங்க ஸ்க்ரூ எவ்வளவு நீளம்?"

அக்கா டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒரு இஞ்ச் ஸ்க்ரூ என்றால் முனை அரை இஞ்சோடு நின்றிருக்கும். இரண்டு இஞ்ச் ஸ்க்ரூ ஒன்றரை இஞ்ச் உள்ளே நீண்டு, குழாயைக் குத்தி, குத்திய ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு, இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்டது.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஆரம்பித்தார் டிரைவர்.

"பழமொழிக்கு இதான் நேரமா?" என்று டிரில்லைத் திருப்பிச் சுழலவிட்டு, கறை நடுவிலிருந்த ஸ்க்ரூவை உருவினாள் அக்கா. வால்வை மூட வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பென்சில் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்து, நேராக டிரைவரின் பனியனில் போய் விழுந்தது. அவர் குதித்தார், நாத்தனார் வீல் என்றாள், அக்கா கட்டைவிரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு, "வால்வு! வால்வு!" என்று அலறினாள். வால்வு செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அலமாரியை நகர்த்தி அதை மூடுவதற்குள் மூன்று பேரும் குளித்தாகிவிட்டது.

அப்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. நாளைக்குப் பத்து மணி. வண்டி வந்து, மெஷின்காரர் எட்டிப் பார்த்து, "ரூம் எங்கம்மா?" என்பார். மெஷின் வேறொரு வீட்டில் போய் இறங்கும். ஏழு மணிக்கு "ம், தூக்கு" என்பது அவள் காலம் உள்ளமட்டும் தொடரும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரையே பார்த்தாள். எண்பத்து நான்கு கருப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன, தையல் ஓடின மாதிரி. பார்க்கப் பார்க்க அழுகை மெல்ல நின்றது.

"இது தையல்தானே?" என்றாள். "தையல்னா பிரிக்கலாமில்ல?"

ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் ஹார்டுவேர் கடைக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் மூடியிருந்தது. கடைக்காரர் வீடு மாடியில். மாடிப்படியில் அவள் ஏறுகிற சத்தம் கேட்டே அவர் சாவியோடு இறங்கி வந்தார். ஷட்டரை உயர்த்தினார். மேசை ஓரத்தில் நேற்றைய ஒரு இஞ்ச் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது.

"எடுத்து உள்ள வைக்கலாம்னு பாத்தேன். எப்படியும் வருவீங்கன்னு தோணுச்சு" என்றார்.

"நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"ரெண்டு தரம் சொன்னேனேம்மா. ஒரு இஞ்ச் போதும்னு."

சொன்னார்தான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி வழி சிரித்துக்கொண்டே ஓடினாள்.

திரும்பி வருவதற்குள் டிரைவர் பக்கத்துத் தெருக் குழாய்க்காரரைக் கையோடு அழைத்து வந்திருந்தார். அக்கா கறையைச் சுற்றி சாக்பீஸால் சதுரம் போட்டு, போர்டுக் கத்தியால் நூல் பிடித்த மாதிரி வெட்டி எடுத்தாள். குழாய்க்காரர் அந்த ஜன்னலுக்குள் கை விட்டு, ஓட்டை விழுந்த இடத்தை அறுத்தெடுத்து, இணைப்பு போட்டு ஒட்டினார். "ரெண்டு மணி நேரம் தண்ணி விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வெட்டிய சதுரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "யாரு வெட்டினது? நம்ம பசங்க இவ்வளவு நேரா வெட்ட மாட்டானுங்க."

அந்த இரண்டு மணி நேரத்தில் பிரிப்பு வேலை நடந்தது. "குழாய் போற வரிசை, ஒயர் போற வரிசை, ரெண்டு மட்டும் மாத்தினாப் போதும் அண்ணி" என்று நாத்தனார் படத்தைக் காட்டிச் சொன்னாள்.

"ஒரே சட்டைல ரெண்டு விதமா பட்டன் வைப்பியா நீ? எல்லாத்தையும் மாத்தணும். நாளைக்கு உள்ள இன்னொரு ஒயர் இழுத்தா, எது நீளம் எது குட்டைன்னு யாரு ஞாபகம் வச்சிருப்பா?"

டிரைவர் பெருமூச்சு விட்டபடி டப்பாவை ஏந்தி நின்றார். ஒரு ஸ்க்ரூவை உருவ வேண்டியது, பழைய ஓட்டையை விட்டு ஒரு இஞ்ச் தள்ளி அதே தகரத்தில் குட்டை ஸ்க்ரூவை ஏற்ற வேண்டியது, அடுத்தது. ஒயர் வரிசையில் அக்கா உருவிய ஒரு ஸ்க்ரூவின் முனையில் சிவப்பு பிளாஸ்டிக் சுரண்டல் ஒட்டியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். டிரைவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வேலை முடியும்வரை அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. அந்த இடத்தில் சிறு ஜன்னல் வெட்டி, ஒயரை மாற்றச் சொல்லி டிப்போவில் கூட வேலை பார்க்கிற எலெக்ட்ரீஷியனுக்குத் தானே போன் போட்டார்.

அவர் வந்து ஒயரை மாற்றிவிட்டுப் போனதும், வெட்டிய இரண்டு சதுரத்துக்கும் அக்கா ஒட்டுப் போட்டாள். உள்பக்கம் தகரத் துண்டைக் குறுக்கே கொடுத்து, அதன்மேல் புதுப் போர்டைப் பொருத்தி, நாலு மூலைக்கு நாலு ஒரு இஞ்ச். முழங்கால் கிழிந்த பேன்ட்டுக்கு ஆயிரம் தடவை போட்ட ஒட்டு. தண்ணீர் திறந்து, குந்தி உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. அறைப் பக்கத்துப் போர்டுகளும் ஏறி, போர்டுக்காரர் கொண்டுவந்து வைத்திருந்த பழைய மரக்கதவும் கீலில் உட்கார்ந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பட்டி பூசவில்லை, வண்ணம் அடிக்கவில்லை, சுவரெங்கும் கருப்புப் புள்ளியும் சாக்பீஸ் கோடும். அக்கா உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். ஐந்தாவது தடவை டிரைவர், "கீல் தேஞ்சிடும்மா" என்றார்.

திங்கட்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வண்டி வந்தது. டிரைவர் பஸ்ஸில் இருந்தார். நாத்தனார் இருந்தாள். செருப்பு அலமாரியையும் பழைய மெஷினையும் காலையிலேயே வாசல் பக்கம் ஒதுக்கியாகிவிட்டது. மெஷின்காரர் முதலில் தனியாக வந்து எட்டிப் பார்த்தார். ஒட்டுப் போட்ட சுவரைப் பார்த்தார், விரலால் தட்டினார், தோளால் முட்டினார்.

"ரூம் இருக்குன்னு செவ்வாக்கிழமையே சொன்னீங்க?"

"அப்ப மனசுல இருந்துச்சு சார்" என்றாள் அக்கா. அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்துக் கைதட்டினார். "எறக்குங்கப்பா!"

நாலு பேர் இரும்பு மேசையோடு மெஷினைத் தூக்கி வந்தார்கள். கதவருகில் வந்ததும் நின்றார்கள். மேசையை இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள். அக்கா கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மேசையின் கால் கதவுச் சட்டத்தை உரசாமல், ஒரு விரல் இடம் விட்டு உள்ளே வழுக்கிக்கொண்டு போனது.

"சாதாரண கதவா இருந்தா போயிருக்காதும்மா" என்றார் தூக்கியவர்களில் ஒருவர். "யாரு இவ்வளவு அகலம் விடச் சொன்னது?"

நாத்தனார் அக்காவின் இடுப்பில் கிள்ளினாள். "எங்க அண்ணிதான். எதுக்கும் கொஞ்சம் கூட இருக்கட்டும்னு!"

மூன்று மணிக்கு டிரைவர் வந்தபோது அறைக்குள்ளிருந்து தடதடவென்று ஒரே ஓட்டமாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றார். சாப்பிட்டார், படுத்தார். சுவரும் கதவும் தாண்டி வந்த சத்தம் அவருக்குத் தாலாட்டாக இருந்ததோ என்னவோ, அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினார்.

ஏழு மணிக்கு அக்கா ஒரு சட்டையின் கையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. கண்ணைத் திறந்தும் திறக்காமலும் டிரைவர் உள்ளே வந்தார். பத்தொன்பது வருஷம் பழகிய கால்கள் தாமாக நடந்து வந்திருந்தன. குனிந்தார், இரும்பு மேசையின் ஓரத்தில் இரண்டு கையையும் கொடுத்தார்.

"ம், தூக்கு."

அக்கா அசையாமல் உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

அவர் தூக்கினார். அது நகரவில்லை. இன்னொரு தரம் தம் பிடித்துத் தூக்கினார். நகரவே இல்லை. அப்போதுதான் கண்ணை முழுசாகத் திறந்து மெஷினையும், சுவரையும், அவளையும் பார்த்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்புத் தண்ணீரா, வேறா என்று அவள் யோசிக்கவில்லை. மேசையின் ஓரத்தில் இன்னும் இருந்த அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்க, அது அங்கயே இருக்கட்டும். போய் மேசையப் பிரிங்க, வர்றேன்."

ஊசியில் பாதியில் நின்ற சட்டைக் கையை உருவாமல், நூலை அறுக்காமல், அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனாள்.